கேட்பாரற்றுக் கிடந்த பத்தரைமாற்று

பேருந்து நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர் பத்தரைமாற்று. பட்டப்பெயர் என்றால் ஆளிடம் உள்ள ஏதாவது ஒரு கோணலைப் பிடித்துத்தான் வரும். இவரிடம் கோணல் எதுவும் அகப்படாததால் தங்கத்தைப் பிடித்தார்கள். அதையும் ஓட்டுநர்கள் சுருக்கிப் பத்தரை ஆக்கிவிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு நடத்துநரிடம், பேருந்தில் கிடந்த குடையைக் காட்டி, "இதைப் பத்தரைகிட்ட குடுத்துடு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மணி பத்தரை ஆகும்வரை நடைமேடையில் உலாவிக்கொண்டிருந்தார்.

பத்தரைமாற்று தவறிய பொருள் அறையின் பொறுப்பாளர். கழிப்பறைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவில் ஒடுங்கியிருந்த அந்த அறைக்கு முன்பக்கம் ஒரு ஜன்னல், பின்பக்கம் ஒரு கம்பிக் கூண்டு. பயணிகள் மறந்துவிட்டுப் போவதெல்லாம் கூண்டுக்கு வந்து சேரும். குடைகள், சாப்பாட்டுத் தூக்குகள், ஒற்றைச் செருப்புகள், ஒருமுறை சிரித்தபடியே ஒரு பல்செட். ஊன்றுகோல்களும் வரும். அவற்றை விட்டுவிட்டு அந்தப் பயணிகள் எப்படி நடந்து போனார்கள் என்பதை யாரும் விளக்கியதில்லை. ஜன்னலுக்கு மேலே அவரே கைப்பட எழுதி மாட்டிய பலகை ஒன்று இருந்தது: "உடையவர் வந்து அடையாளம் சொன்னாலன்றி எப்பொருளும் வெளியே விடப்படாது."

அடையாளம் கேட்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. "நல்ல கறுப்புக் குடைங்க, புதுசு மாதிரி இருக்கும், சொட்டு ஒழுகாது" என்று யாராவது ஆரம்பித்தால், பேச்சு முடிவதற்குள் ஜன்னல் சாத்தப்படும். "அதுங்களா, ஒரு கம்பி மடங்கிக் கிடக்கும். பிடியை நாய் கடிச்சிருக்கும். விரிச்சா கோவிச்சுக்கிட்ட மாதிரி ஒரு பக்கமாவே நிக்கும்" என்று சொல்கிறவருக்கு, அந்தக் கடைசி வார்த்தைக்கு முன்பே குடை கைக்கு வந்துவிடும். தன்னிடம் வேலை பழகிய உதவியாளரிடம் அவர் ஓயாமல் சொன்னது இதைத்தான்: "குணத்தைச் சொல்றவன் அள்ளிக்கிட்டுப் போக வந்தவன். குறையைச் சொல்றவன்தான் சொந்தக்காரன்." அந்த உதவியாளரை எல்லாரும் ஜன்னலக்கா என்பார்கள். நாள் முழுவதும் ஜன்னலுக்குள் முகம் மட்டும் தெரியும்படி உட்கார்ந்திருப்பவர். சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்கிறவர். அதற்கு மேல் ஒரு நூல் யோசிக்கமாட்டார்.

இவ்வளவு கூர்மையான முறையை அவர் தன்மீது ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை. பொய் சொல்லமாட்டார். கூண்டிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். ஆனால் யாரும் அவருக்கு எதையும் கொடுத்துவிட முடியாது. தேநீர் நீட்டினால், "வேணாம், இருக்கு" என்பார். மழையில் குடையைப் பகிர்ந்தால், "வேணாம், இருக்கு" என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே போவார். என்ன இருக்கிறது என்று கேட்டவர் இல்லை. அவர் நல்லவர் என்பதற்கு நிலையத்தில் எல்லாரும் சொல்லும் சான்று ஒன்று உண்டு: சொத்துப் பங்கில் அவரை ஏமாற்றிய தம்பி மன்னிப்புக் கேட்க வீடு தேடி வந்தபோது, தம்பி வாயைத் திறப்பதற்குள்ளேயே இவர் மன்னித்துவிட்டாராம். அந்தக் கதையை நிலையத்துக்குச் சொன்னவரும் அவரேதான்.

அவர் மனைவி சீருடை தைக்கும் கடையில் வேலை செய்தார். கிறிஸ்துவை நம்பியவர். ஞாயிறுதோறும் சபைக்குப் போவார். தனியே அனுப்புவது நல்லதல்ல என்பதால் கணவரும் கூடப் போவார். ஞானஸ்நானம் எடுக்கப்போகிறவர்களுக்கான வகுப்பிலும் மனைவிக்குத் துணையாக உட்கார்ந்தார். போதகர் கேட்கும் கேள்விகளுக்கு மற்றவர்கள் திணறினால் பக்கத்திலிருந்து பதிலை எடுத்துக் கொடுப்பார். எல்லாம் மனப்பாடம். "அப்போ நீங்களும் தண்ணியில இறங்கலாமே" என்று போதகர் கேட்டால் மட்டும் சிரிப்பார்.

"அழுக்கு இருக்கறவங்க குளிக்கட்டும், ஐயா. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்? நல்லவனா இருந்தா போதாதா?"

"போதாது" என்றார் போதகர்.

போதகர் ஒருவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதே அவருக்கு அவமதிப்பாகப் பட்டது.

மனைவி காத்திருந்தார். இருவரும் சேர்ந்தே தண்ணீரில் இறங்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தன் முறையைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, கடைசியில் ஒருநாள் தையல் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "என்னங்க, வர்ற ஞாயித்துக்கிழமை நான் இறங்கறேன். நீங்க இறங்க வேணாம். நான் மேல ஏறும்போது படியில துண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும். அதையாவது செய்வீங்களா?"

"இது ஒரு பெரிய விஷயமா? நிக்கறேன்" என்றார். சொன்ன சொல்லைத் தவறவிட்டதே இல்லை என்பது அவருடைய சொத்துகளில் முக்கியமானது.

அந்தச் சனிக்கிழமை அவர் ஓய்வு பெற்றார். கூண்டின் சாவியையும் தன் அடையாள அட்டையையும் ஜன்னலக்காவிடம் ஒப்படைத்தார். "முறையை விட்டுடாதே. நானே வந்து கேட்டாலும் விடாதே" என்று கண் கலங்கச் சொன்னார். ஜன்னலக்கா தலையை ஆட்டி அதையும் மனத்தில் வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை மனைவி முன்னதாகவே சபைக்குப் போய்விட்டார். இவர் புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். பேருந்துக்கு நேரம் நிறைய இருந்தது. நடைமேடை பெஞ்சில் ஒரு பை கிடந்தது. பெரிய, அழுக்கான, பெயின்ட் வழிந்த துணிப்பை. பக்கத்தில் ஆள் இல்லை.

இங்கேதான் சிக்கல். எடுத்துப்போய் அறையில் ஒப்படைக்கலாமென்றால் அவருக்கு இப்போது அந்த அதிகாரம் இல்லை. விட்டுவிட்டுப் போகலாமென்றால் அது நல்லவன் செய்யும் காரியமில்லை. தவறிய சாமான்களை எடுத்துப்போகும் தள்ளுவண்டிக்காரர் வரும்வரை காவல் இருப்பது என்று முடிவெடுத்து, பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற துக்கத்தில் முந்தின இரவு சரியாகத் தூக்கமில்லை. கண் கூசியதால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பெஞ்சின் நீளத்துக்குச் சாய்ந்துவிட்டார்.

தள்ளுவண்டிக்காரர் வந்தார். நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடப்பதை எல்லாம் அள்ளி வண்டியில் போடுவது அவர் வேலை. பையை இழுத்தார். பையோடு ஒரு கையும் வந்தது. பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை. ஒன்றோடொன்று கட்டியிருக்கும் சாமான்களைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று பத்தரைமாற்றே போட்ட உத்தரவு அவருக்கு நினைவு வந்தது. மறக்காமல் இரண்டையும் சேர்த்தே தூக்கி வண்டியில் வைத்தார்.

பத்தரைமாற்று கண் விழித்தபோது கூண்டுக்குள் இருந்தார். ஒரு பக்கம் குடைகள், ஒரு பக்கம் தூக்குகள். சட்டைப் பொத்தானில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. பையோடு ஒட்டிய ஆள், ஒன்று. நிலை: நன்று. உடையவர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும்.

"ஜன்னலக்கா, என்ன இது? நான்தான்."

"தெரியுது சார்."

"திறந்து விடும்மா. சபைக்குப் போகணும். என் வீட்டுக்காரி தண்ணியில இறங்கறா. நான் துண்டு பிடிக்கணும்."

"உங்களைக் கேட்டு யாராச்சும் வந்திருக்காங்களா சார்?"

"என்னை எதுக்கு ஒருத்தர் கேட்டு வரணும்? உனக்கு என்னைத் தெரியாதா? இங்கேருந்து ஒரு குண்டூசி எடுத்திருப்பேனா? ஒரு பொய் சொல்லியிருப்பேனா?"

"அதெல்லாம் பொருளோட நிலைமை சார். நிலை நன்றுன்னு எழுதிட்டேன். வேணும்னா மிக நன்றுன்னு மாத்தறேன். ஆனா நிலைமை நல்லா இருக்குன்னு எதையும் வெளிய விட்டதில்லையே நாம. நீங்களே வந்து கேட்டாலும் விடாதேன்னு நேத்துதான் சொன்னீங்க."

அந்த நேரத்தில் ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். சட்டை முழுக்கப் பெயின்ட், வாயில் காலை நேரத்துக்குச் சேராத ஒரு வாடை.

"அக்கா, என் பை ஒண்ணு. எழவு எடுத்த பை. ஜிப் போடவே முடியாது, கயித்தாலதான் கட்டணும். அடியில ஓட்டை. உள்ள ஒரு பிரஷ் இருக்கும், அதுல முடி பாதி கொட்டியிருக்கும். பச்சைப் பெயின்ட் கொட்டி, கழுவினா இன்னும் பரவிடுச்சு."

ஜன்னலக்கா கூண்டைத் திறந்தார். பத்தரைமாற்றின் கையிலிருந்து வாரை அவிழ்த்துப் பையை எடுத்தார். "இதோட ஒட்டின ஆள் ஒண்ணு இருக்குது. அதுவும் உங்களுதா?"

வெள்ளையடிக்கிறவர் கம்பிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆசைப்பட்டுப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. "இல்லக்கா. எனக்குப் பை மட்டும் போதும்" என்றார். ஓட்டைப் பையைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு போனார். கூண்டு மறுபடி பூட்டப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. நன்மை என்பது ஒரு பொருளின் குணம். இன்னாருடையது என்பது குணமே அல்ல, அது உறவு. குணத்தை எத்தனை காலம் தேய்த்துத் துடைத்தாலும் அது உறவாக மாறிவிடாது. கூண்டில் கிடக்கும் குடைகளில் ஓட்டையே இல்லாத குடையும் உண்டு. அது ஓட்டையில்லாமல் கூண்டில் கிடக்கிறது, அவ்வளவுதான். பச்சைப் பெயின்ட் கொட்டிய பை வெளியே போனது அது நல்ல பை என்பதற்காக அல்ல. ஒருவன் தேடிவந்து, அதன் ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, என்னுடையது என்றான். நல்லவனாக இருப்பது வீண் என்பதல்ல இதன் பொருள். அது சாவி அல்ல என்பதுதான். பத்தரைமாற்று இதை அப்போது யோசிக்கவில்லை. அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"சரி, இப்படிப் பாரு" என்றார். "என்னைக் கேட்டு நானே வந்திருக்கேன்னு வச்சுக்கோ. எனக்கு உடையவன் நானே."

ஜன்னலக்கா யோசித்தார். பலகையில் அப்படிக் கூடாது என்று எழுதியிருக்கவில்லை. "சரி சார். அப்ப அடையாளம் சொல்லுங்க."

"நேர்மையானவன். நேரம் தவறாதவன். யாருக்கும் தீங்கு நினைக்காதவன்."

"இது யாருக்கு வேணும்னாலும் பொருந்தும் சார். எங்க கிழிஞ்சிருக்கு, அதைச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். தூக்குகளைப் பார்த்தார், ஊன்றுகோல்களைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு வராது.

"எங்கயும் கிழியலம்மா."

"அப்போ இது உங்களுது இல்ல சார்" என்று ஜன்னலக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சபையில் பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, தண்ணீர்த் தொட்டியருகே வெள்ளை அங்கியோடு மனைவி நின்றுகொண்டிருந்தார். படியில் ஆள் இல்லை. சொன்ன நேரத்துக்கு அவர் வரவில்லை என்றால் ஒன்று உலகம் முடிந்திருக்க வேண்டும், அல்லது பேருந்து கவிழ்ந்திருக்க வேண்டும். மனைவிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே தொலைபேசி எண் தவறிய பொருள் அறையுடையது.

"அம்மா, என் வீட்டுக்காரரைக் காணோம்."

"ஒண்ணு வந்திருக்குதும்மா. நிலை நன்று. ஆனா ஃபோன்ல அடையாளம் வாங்கறதில்ல. நேர்ல வரணும்."

போதகர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்கம்மா. தண்ணி எங்கயும் போகாது" என்றார்.

வெள்ளை அங்கியோடு பேருந்தில் வந்து இறங்கிய மனைவியை நிலையமே வேடிக்கை பார்த்தது. அவர் கம்பிக்கு முன்னால் நின்றார். உள்ளே கணவர், கையில் மடித்த துண்டோடு, உட்கார இடமில்லாமல் குடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க எப்படிங்க இதுக்குள்ள?"

"அதெல்லாம் அப்புறம். அடையாளம் சொல்லிட்டு என்னைக் கூட்டிட்டுப் போ. நேரமாச்சு."

மனைவி ஜன்னலக்காவிடம் திரும்பினார். முதலில் விசுவாசமாகத்தான் ஆரம்பித்தார். "ரொம்ப நல்லவரும்மா. குடி கிடையாது, சூது கிடையாது. வாங்கின சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து குடுப்பார்." கூண்டுக்குள் கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலக்காவின் தலையும் ஆடியது, ஆனால் வேறு திசையில்.

"இப்படிச் சொல்றவங்களுக்குக் குடுக்கக் கூடாதும்மா. சாரே சொல்லியிருக்கார். பழுது ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

மனைவி கணவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அடுத்தவங்க துடைச்ச துண்டைத் தொடமாட்டார். நான் துடைச்சதாக்கூட இருக்கட்டும். எனக்குக் காய்ச்சல்னா ராத்திரி முழுக்க உக்காந்து பார்ப்பார். அவருக்குக் காய்ச்சல்னா கதவைச் சாத்திக்குவார். வெந்நீர் வச்சுக் குடுத்தா, 'வேணாம், இருக்கு'ம்பார். எங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் அவருக்கு எதையும் குடுத்ததில்ல. வாங்கிக்கிட்டாத்தானே குடுக்கறதுக்கு?"

"இது எழுதலாம்" என்றார் ஜன்னலக்கா. "இன்னும் ஒண்ணு சொன்னா உறுதியாயிடும்."

"அந்தத் தம்பி வந்தது" என்று மனைவி சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"அதை எதுக்கு இழுக்கறே? அதுல நான் மன்னிச்சுட்டேன். நிலையத்துல எல்லாருக்கும் தெரியும்" என்றார் கணவர்.

"மன்னிச்சீங்க. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு மன்னிச்சீங்க. 'நான் எப்பவோ மன்னிச்சுட்டேன், நீ போ'ன்னு உள்ளேருந்து சொன்னீங்க. தாழ்ப்பாளை எடுக்கவே இல்ல. அவன் வெளிய அழுதுக்கிட்டு நின்னான். மன்னிப்புக் கேக்கக்கூட அவனை விடல. அப்புறம் வந்து உக்காந்து முழுச் சாப்பாடும் சாப்பிட்டீங்க. உங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்ல."

வெளியே பேருந்து ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டிக்காரர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர் போல டயர் கிடங்கின் பக்கம் பார்த்தார்.

"கதவு கொஞ்சம் திறந்திருந்துச்சு" என்றார் கணவர்.

"இல்லீங்க."

அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். தன் வாழ்நாளின் முதல் பொய்யை இப்போதுதான் சொல்லியிருக்கிறோம் என்று தோன்றியது. பிறகு, முதல் பொய் இது அல்ல, அந்தக் கதையை நிலையம் முழுக்கச் சொன்னதுதான் என்று தோன்றியது. அதற்கும் முன்னால் இன்னும் எத்தனை கிடக்கின்றனவோ. கூண்டின் கடைசி அலமாரிவரை பார்ப்பது போல அவர் உள்ளே பார்த்துக்கொண்டே போனார்.

"பொருந்துதா சார்?" என்றார் ஜன்னலக்கா.

"பொருந்துது" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. நான்தான் அது."

ஜன்னலக்கா சீட்டில் நன்று என்பதை அடித்துவிட்டு, தாழ்ப்பாள் பழுது என்று எழுதினார். "உடையவர் நீங்கதானாம்மா?"

மனைவி தயங்கினார். ஒரு கையெழுத்தில் முடிந்துவிடக்கூடிய காரியம். ஆனால் அவரும் ஒரு வகையில் பிடிவாதக்காரர்.

"நான் இவருக்குச் சம்சாரம்தாம்மா. எனக்கும் சேர்த்து உடையவர் ஒருத்தர் இருக்கார். இந்தத் தாழ்ப்பாள் எல்லாம் தெரிஞ்சும் வேணும்னு கேட்டவர். தன் உயிரையே குடுத்து வாங்கினவர்."

"அவர் நேர்ல வரலியா?"

"அவர் எப்பவோ வந்துட்டார். கேட்டுக்கிட்டுத்தான் நிக்கறார். பொருள்தான், நான் தொலையவே இல்லைன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

ஜன்னலக்கா கூண்டைப் பார்த்தார். "இப்ப என்ன சொல்லுது?"

பத்தரைமாற்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். "தொலைஞ்சுதான் போயிருக்கேன்" என்றார். "அவர்கிட்டயே குடுத்துடும்மா."

பூட்டு திறந்தது. சீட்டை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. சபைக்குப் போகும் பேருந்தில் அவர் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தார். நிலையத்திலிருந்து புறப்படும் எல்லாப் பேருந்தின் தடமும் தெரிந்த மனிதர், பாதி வழியில் கேட்டார்: "தம்பி வீட்டுக்கு எதுல போகணும்?"

"சாயங்காலம் போலாம். எனக்கு வழி தெரியும்" என்றார் மனைவி. வழி எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

போதகர் சொன்னது போலவே தண்ணீர் எங்கும் போகவில்லை. மனைவி இறங்கினார், முழுகினார், ஏறினார். அவர் படியில் நின்று துண்டை விரித்துப் பிடித்தார். சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. அதில் அவருக்கு வழக்கமான திருப்தி வரவில்லை. கூலி கேட்காத ஒரு வேலையைச் செய்தது போல இருந்தது. மனைவி தலையைத் துவட்டி முடித்ததும் கணவர் செருப்பைக் கழற்றினார்.

"ஐயா, எனக்கும்" என்றார்.

போதகர் பொத்தானில் தொங்கும் சீட்டைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். "கேள்வி பதிலெல்லாம் உங்களுக்குத் தெரியுமே" என்றார்.

"தெரியும் ஐயா. மத்தவங்களுக்கு எடுத்துக் குடுத்திருக்கேன். இன்னிக்கு எதுவும் நினைவு வரல. நல்லவன்னு சொல்லிக்கிட்டு வர முடியல. அவர் என்னைத் தன்னோடதுன்னு சொல்லிட்டார், அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கேன்."

"இறங்குங்க" என்றார் போதகர். இந்த முறையும் சுருக்கமாகத்தான். பத்தரைமாற்றுக்கு அது அவமதிப்பாகப் படவில்லை.

சட்டையோடும் சீட்டோடும் முழுகி எழுந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் படியேறினார். மாற்றுத் துண்டு யாரும் கொண்டுவரவில்லை. இருந்தது அந்த ஒன்றுதான். மனைவி துவட்டிப் பிழிந்ததில் கசங்கிக் கிடந்தது. மனைவி அதை அவரிடம் நீட்டினார்.

"வே" என்று அவர் வாய் பழக்கத்தில் தொடங்கியது. அதோடு நின்றது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு, அந்த ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஈரம் போகவில்லை. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.